மெழுகுக்கு முன்னே!

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரின் வேலையைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கும். ஈயம் பூசுவது என்னவோ ஒரு நிமிஷ வேலைதான். பாத்திரத்தைத் தேய்த்துக் களிம்பைப் போக்குவதும், அடுப்பில் காய்ச்சுவதும், நவச்சாரத்தைத் தூவி எஞ்சியிருக்கும் அழுக்கையும் கக்கச் செய்வதுமே பெரிய வேலை. அதைச் செய்யாமல் ஈயத்தை எவ்வளவு தாராளமாகப் பூசினாலும் அது ஒட்டுவதில்லை. ஒட்டினாற்போல் தோன்றினாலும் நாலு நாளில் உரிந்துவிடும். எவர்சில்வர் பாத்திரங்கள் சமையலறையை ஆக்கிரமித்துக் கொண்டபடியால் தெருவில் "ஈயம் பூசலையா!" என்ற குரல் அருகிப் போய்விட்டது. ஆனால் அந்தத் தொழில் கற்பித்த பாடம் மட்டும் பழசாகவில்லை. இப்போது அது வாசலில் நிற்கும் மோட்டார் வண்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வண்டிக்கு மெழுகு பூச வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. கடையில் அழகான டப்பாக்களில் மெழுகு விற்கிறார்கள். "ஸீலண்ட்" என்று சொல்லப்படும் ரஸாயனப் பூச்சும் விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை ஒரு துணியால் துடைத்துவிட்டு, மெழுகை அப்பி, மூச்சு வாங்கத் தேய்க்கிறார்கள். பளபளப்பும் வருகிறது. ஆனால் அந்தப் பளபளப்பு ஒரு மழைக்குக்கூடத் தாங்குவதில்லை. "மெழுகு மோசம்!" என்று டப்பாவின் மேல் பழியைப் போடுகிறார்கள். டப்பா ஒரு பாவமும் அறியாது. மெழுகு வர்ணத்தின் மேல் படியவே இல்லை, அழுக்கின் மேல் படிந்தது, அழுக்கோடு போய்விட்டது. அவ்வளவுதான் சங்கதி.

மெழுகு மட்டும் வீணானால் பாதகமில்லை. புழுதியின் மேல் தேய்த்த தேய்ப்பில் வர்ணமும் அல்லவா தேய்ந்து போகிறது? அதைப் பற்றித்தான் நாம் இங்கே சிறிது விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறோம்.

தலைமயிரிலும் மெல்லிய கவசம்

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் அதற்கு வர்ணம் பூசுவது குதிரை வண்டிக்குப் பூசுவதைப் போலவே இருந்தது. பூசுவதும் காய்வதுமாகப் பல வாரங்கள் பிடித்தன. போர்டு கம்பெனியார் தங்கள் 'மாடல் டி' வண்டியை 1914 முதல் 1925 வரையில் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றார்கள். 1923-ஆம் வருஷத்தில் டூபாண்ட் கம்பெனியாரின் 'டூகோ' என்னும் நூதன வர்ணம் வெளிவந்தது. வாரக் கணக்கு மணிக் கணக்காயிற்று. பல நிறங்களில் வண்டிகள் ஓடலாயின.

அந்தக் காலத்து வர்ணம் ஒரே வகைப் பூச்சு. 2014-ல் உற்பத்தி நின்றுபோன நம் அம்பாஸடர் வண்டிகளில் பழையவற்றை மெருகேற்றியவர்களுக்குத் தெரியும்: தேய்த்த துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். 1980-களுக்குப் பிறகு உலகெங்கும் பரவிய முறை வேறு. இரும்புத் தகட்டின் மேல் முதலில் ரஸாயனத் திரவத்தால் ஒரு படலம். அதன்மேல் மின்சாரத்தின் உதவியால் படியச் செய்யும் அடிப்பூச்சு. பிறகு சமன் செய்யும் பூச்சு. அதற்கும் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடியைப் போல் நிறமே இல்லாத 'கிளியர் கோட்'. இந்தக் கடைசிப் பூச்சுத்தான் வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கிறது. நாம் வண்டியைத் தொடும்போது நிறத்தைத் தொடுவதில்லை. இந்தக் கவசத்தையே தொடுகிறோம்.

இத்தனை அடுக்குகளும் சேர்ந்து சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் கனந்தான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலே உள்ள கிளியர் கோட்டோ 35 முதல் 50 மைக்ரான் வரை. மனிதனுடைய தலைமயிர் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக் கொண்டால், வண்டியின் கவசம் மயிரிழையிலும் மெல்லியது என்பது விளங்கும். வண்டி உயிரோடு இருக்கும் காலம் முழுவதற்கும் கிடைத்த ஆஸ்தி இவ்வளவுதான். தேய்த்துத் தீர்த்துவிட்டால் மறுபடி வளர்வதற்கு இது நகமும் அல்ல, தோலும் அல்ல.

விடியற்காலை வாளி

நம் நகரங்களில் விடியற்காலையில் ஒரு காட்சியைக் காணலாம். கையில் ஒரு வாளியும் தோளில் ஒரு துணியுமாக ஒருவர் வருகிறார். தெருவில் நிற்கும் பத்துப் பதினைந்து வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துடைக்கிறார். வாளி ஒன்று, துணி ஒன்று, தண்ணீரும் பெரும்பாலும் ஒன்றே. மூன்றாவது வண்டிக்குள் அந்த நீர் காப்பி நிறமாகிவிடுகிறது. வீட்டுக்காரர் காப்பி அருந்திக்கொண்டே மாடியிலிருந்து பார்த்து, "நன்றாக அழுத்தித் துடையப்பா!" என்று உற்சாகப்படுத்துகிறார். அவரும் நல்ல மனிதர், அழுத்தியே துடைக்கிறார்.

புழுதியில் இருப்பது பெரும்பாலும் மணல். மணலில் உள்ள குவார்ட்ஸ் கல், தாதுப் பொருள்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7-வது படியில் நிற்பது, கண்ணாடியையே கீறக்கூடியது. கிளியர் கோட்டோ ஒருவகைப் பிளாஸ்டிக். நனைந்த துணியில் மணலை ஏந்திக்கொண்டு அழுத்தித் துடைத்தால் அதற்குத் துடைப்பது என்று பெயரா, சாணை பிடிப்பது என்று பெயரா? வெயிலில் வண்டியைப் பார்க்கும்போது சூரிய பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலையைப் போல் வட்டவட்டமாகக் கோடுகள் தெரிகின்றனவே, அவை எல்லாம் ஒவ்வொரு நாள் காலையிலும் இப்படி எழுதப்பட்ட எழுத்துக்கள்தான்.

இதற்காக அந்தத் தொழிலாளியைக் குறை கூறுவது நியாயமல்ல. ஒரு வாளியும் ஒரு துணியும் கொடுத்தவர் யார்? பதினைந்து வண்டிகளைச் சூரியோதயத்துக்குள் முடித்தால்தான் ஜீவனம் நடக்கும் என்ற நிலைமையை ஏற்படுத்தியவர் யார்? பல லட்சம் ரூபாய் கொடுத்து வண்டி வாங்குகிறவர், இரண்டாவது வாளிக்கும் அரை டஜன் துணிக்கும் கணக்குப் பார்க்கிறார். வாரத்துக்கு ஆறு நாள் தேய்ப்பதைக் காட்டிலும், ஒரு நாள் முறையாகக் கழுவுவதற்கு அதே ஊதியத்தைக் கொடுத்தால் அவருக்கும் இடுப்பு நோகாது. வண்டிக்கும் ஆயுள் நீடிக்கும்.

முதற்படி: கழுவுதல்

மெழுகு பூசுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் காரியம் கழுவுவது. நிழலில் நிறுத்தி, தகடு கை பொறுக்கும்படி குளிர்ந்த பின்பே தொடங்க வேண்டும். வெயிலில் கழுவினால் சோப்பு நீர் உலர்ந்து கறையாகிவிடும். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிப் புழுதியில் பெரும் பங்கைத் தொடாமலே போக்கிவிட வேண்டும்.

பிறகு இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் வண்டிக்கென்று விற்கும் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். துணியை ஷாம்பு நீரில் தோய்த்து ஒரு பாகத்தைத் துடைத்தவுடன், வெறும் நீரில் அலசி மணலை அங்கே விட்டுவிட்டு, அதன் பின்னரே மறுபடி ஷாம்பு வாளிக்குக் கொண்டு போக வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். சக்கரங்களுக்கும் அடிப்பாகத்துக்கும் தனித் துணி. துணி மெல்லிழைகளால் ஆன மைக்ரோபைபராக இருப்பது உத்தமம். கிழிந்த பனியனும் பழைய வேஷ்டியும் இந்த வேலைக்கு உதவா. கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி உபயோகிப்பது மகா பாவம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-ஆம் வருஷக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போய்ச் சென்னை ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் சுலபமாக ஓடிவிடும். இரண்டு வாளியில் கழுவுகிறவருக்கு முப்பது நாற்பது லிட்டரில் காரியம் முடிந்துவிடும். ஒரே வாளி நீரில் கலந்து, அலச வேண்டிய அவசியமே இல்லாமல் துடைக்கும்படியான திரவங்களும் இப்போது கிடைக்கின்றன. ஒவ்வொரு பாகத்துக்கும் சுத்தமான துணி இருந்தால் இலேசான புழுதிக்கு அது போதும்.

ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரில் கழுவுகிறவர்கள் ஒரு சொட்டும் தானாக உலரும்படி விடலாகாது. நீர் ஆவியாகப் போய்விடும். அதிலுள்ள கால்ஷியம், மக்னீஷியம் உப்புக்கள் வெள்ளை வளையங்களாகத் தங்கிவிடும். புதிய வளையங்களுக்கு வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒற்றி எடுத்து உடனே கழுவினால் பெரும்பாலும் போய்விடும். நாட்பட்டவை கவசத்தையே அரித்துக் குழியாக்கிவிடும்; பிறகு வினிகர் பேசாது.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

கழுவித் துடைத்த வண்டி கண்ணுக்குச் சுத்தமாகவே தோன்றும். ஆனால் கண் எப்போதும் நம்பத்தகுந்த சாட்சி அல்ல. மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் தகட்டைத் தடவிப் பாருங்கள். கண்ணாடி போல் வழுக்க வேண்டிய இடம் உப்புக் காகிதம் போல் நறநறவென்று இருக்கும். இவைதாம் வர்ணத்தில் ஒட்டிப் பதிந்துவிட்ட அந்நியப் பொருள்கள்.

இவற்றில் முதன்மையானது இரும்புத் துகள். பிரேக் போடும்போதெல்லாம் தேய்கிற தகட்டிலிருந்து சூடான இரும்புப் பொடி பறக்கிறது. ரயில் பாதை அருகில் வண்டி நிறுத்துகிறவர்களுக்குத் தண்டவாளமும் சக்கரமும் தேய்ந்த பொடியும் சேரும். அது வர்ணத்தில் தைத்துக்கொண்டு, ஈரம் பட்டுத் துருப்பிடித்து, வெள்ளை வண்டியில் செம்புள்ளிகளாகத் தெரியும். இதைக் கரைக்கும் திரவத்தில் அமோனியம் தயோகிளைகொலேட் என்னும் பொருள் இருக்கிறது. இரும்பைக் கண்ட இடத்தில் அது ஊதா நிறமாக மாறி ஒழுகுவது பார்க்க வேடிக்கையாக இருக்கும். தலைமயிரைச் சுருட்டுவதற்குச் சிகையலங்காரக் கடைகளில் உபயோகிப்பதும் இதே பொருள்தான். நாற்றமும் அதே நாற்றம். உலர விடாமல் சில நிமிஷங்களில் கழுவிவிட வேண்டும். கையுறை இல்லாமல் இதைத் தொடக் கூடாது. வேலையாளிடம் கொடுப்பவர்கள் கையுறையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

அடுத்தது தார். புதிதாகத் தார் போட்ட சாலையில் போய் வந்தால் சக்கரத்துக்குப் பின்னால் கரும்புள்ளிகள் தெறித்திருக்கும். நகத்தால் சுரண்டுவதில் பயன் இல்லை. தாரைக் கரைக்கும் திரவத்தைத் துணியில் நனைத்துச் சிறிது நேரம் ஒற்றி வைத்தால் தானே இளகி வந்துவிடும். அந்த எண்ணெய்ப் பசையை மறுபடி ஷாம்பு நீரால் கழுவ வேண்டும்.

காக்கை எச்சத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? வேப்ப மரத்து நிழலும் தூங்குமூஞ்சி மரத்து நிழலும் வண்டிக்குச் சுகந்தான். ஆனால் கிளையில் இருக்கும் காக்கையார் வாடகை வசூலிக்காமல் விடுவதில்லை. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. தவிர, வெயிலில் கிளியர் கோட் சற்று இளகி விரிகிறது. மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது, காய்ந்த எச்சத்தின் உருவத்தையே அச்சாக ஏற்றுக்கொண்டு விடுகிறது. ஆகையால் இதைப் பார்த்த மாத்திரத்தில் நனைத்து, ஊற வைத்து, மெதுவாக எடுத்துவிட வேண்டும். மெழுகு பூசும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு எஞ்சியிருப்பதை எடுக்க ஒரு சாதனம் உண்டு. 'கிளே பார்' என்று அதற்குப் பெயர். பெயர் களிமண் ஆனாலும், அது நுண்ணிய சாணைப்பொடி கலந்த பிசைபொருள். தடாவோ கொதாதே என்னும் ஜப்பானியர் இதற்கு அமெரிக்காவில் 1995-ல் பேடண்ட் பெற்றார். கொழுக்கட்டை மாவைப் போல் அதைத் தட்டையாக்கி, வழுக்கும் திரவத்தைத் தகட்டில் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோடாக முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். முதலில் பிடித்து இழுக்கும். துகள்கள் வரவரத் தானாக வழுக்கும். அழுக்குத் தெரிந்ததும் மடித்துப் புது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கட்டி தரையில் விழுந்துவிட்டால், எவ்வளவு விலையானாலும், எறிந்துவிட வேண்டியதுதான். மணலை ஏந்திய கட்டி அரத்துக்குச் சமானம்.

மெருகு: செலவா, சேமிப்பா?

இனி மெருகேற்றும் கட்டம். இங்கேதான் பொறுமையும் விவேகமும் தேவை. மெருகுப் பசை என்பது கீறலை நிரப்பும் மருந்து அல்ல. கீறலைச் சுற்றியுள்ள கவசத்தைச் சீவிச் சமமாக்கும் சாணை. இலேசான பசை ஒன்றிரண்டு மைக்ரானைச் சீவும். முரட்டுப் பசை அதற்கும் மேல். 40 மைக்ரான் ஆஸ்தி உள்ளவர் வருஷா வருஷம் ஐந்து ஐந்தாகச் செலவழித்தால் எத்தனை நாள் குடித்தனம் நடக்கும் என்று கணக்குப் போட்டுக் கொள்ளலாம். கவசத்தின் மேற்பகுதி தேய்ந்துவிட்டாலே வெயிலைத் தாங்கும் சக்தி குன்றி, சில வருஷங்களில் தோல் உரிவது போல் உரியத் தொடங்கும். அதன்பின் மறு வர்ணம் தவிர வேறு வழி இல்லை.

ஆகவே, முதலில் ஒரு சாண் இடத்தில் மிக இலேசான பசையைக் கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும். அது போதுமானால் அதுவே போதும். நகம் தட்டுப்படும்படியான ஆழ்ந்த கீறலை அப்படியே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் வர்ணம் மிகவும் மெல்லியது. அங்கே இயந்திரத்தை ஓட்டலாகாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் இயந்திரத்தைவிட, சுழன்றுகொண்டே ஆடும் 'டூயல் ஆக்ஷன்' இயந்திரம் அபாயம் குறைந்தது. பளபளப்பே இல்லாத 'மாட்' வர்ண வண்டிகளுக்கு மெருகு கூடவே கூடாது.

இன்னொரு தந்திரத்தையும் வாசகர்கள் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. சில பட்டறைகளில் எண்ணெய்ப்பசை மிகுந்த திரவத்தைத் தேய்த்து அனுப்பிவிடுவார்கள். கீறல்களில் எண்ணெய் நிரம்பி, வண்டி அன்றைக்குக் கல்யாண மாப்பிள்ளையைப் போல் ஜொலிக்கும். நாலு தடவை கழுவியதும் பழைய வலைப்பின்னல்கள் திரும்பி வந்து சேரும். இந்த மாயத்தைக் கண்டறியவும், மேலே பூசப்போகும் பூச்சு நன்றாகப் பற்றவும் ஒரே உபாயந்தான் உண்டு. ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலில் 10 முதல் 15 சதவிகிதம் வரை தண்ணீரில் கலந்து, சுத்தமான துணியால் தகட்டைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் போய்விடும், வர்ணத்தின் உண்மையான முகம் தெரியும். கலக்காத ஆல்கஹால் எளிதில் தீப்பற்றுவதாகையால் அதை அடுப்பங்கரையில் வைக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் மெழுகு

மெழுகுகளில் பேர்பெற்றது கார்னூபா. பிரேஸில் தேசத்தின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து உதிர்த்து எடுப்பது. கொளுத்தும் வெயிலில் ஓலையின் ஈரம் போகாமல் காக்க அந்த மரம் தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. 80 டிகிரி ஸென்டிகிரேடுக்கு மேல்தான் உருகும். ஸீலண்டோ தொழிற்சாலையில் செய்த செயற்கைப் பொருள். மெழுகைவிட நெடுநாள் உழைப்பது. மெழுகு ஓரளவு எண்ணெய்ப்பசையைப் பொறுத்துக் கொள்ளும், ஸீலண்ட் அப்படியல்ல. வர்ணத்தையே நேராகப் பற்றி நிற்க வேண்டிய பொருளாகையால், கடைசியாகத் துடைத்துவிடும் வேலையில் அலட்சியம் உதவாது.

புதிதாக வர்ணம் பூசிய பாகத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. தொழிற்சாலையில் வர்ணத்தைச் சுமார் 140 டிகிரி உஷ்ணத்தில் வேக வைத்துவிடுகிறார்கள். பட்டறையில் மறுபடி பூசும்போது, கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் மாட்டிய வண்டியை அவ்வளவு உஷ்ணத்தில் வைக்க முடியாது. ஆகையால் அந்த வர்ணத்திலுள்ள திரவம் முழுவதும் ஆவியாகப் போவதற்கு ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். வர்ணம் தயாரித்தவர் குறிப்பிடும் காலம் வரையில் மெழுகையும் ஸீலண்டையும் அதன் பக்கமே கொண்டு போகக் கூடாது.

பூசும் வேலை சுலபம். மெல்லியதாகப் பூசி, டப்பாவில் சொல்லியபடி உலரவிட்டு, சுத்தமான துணியால் துடைத்தால் முடிந்தது. அதிகமாகப் பூசுவதால் அதிகப் பலன் இல்லை, கைவலிதான் அதிகம்.

ஆக, மெழுகு பூச அரைமணி நேரம் என்றால் அதற்கு முந்திய வேலைக்கு அரைநாள் ஆகும். "இவ்வளவு சிரமமா?" என்று மலைக்க வேண்டாம். மெருகேற்றும் வேலை நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை நேர்ந்தால் அதிகம். களிமண் கட்டி வருஷத்துக்கு ஓரிரு தடவை போதும். தினந்தோறும் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான்: உலர்ந்த புழுதியைத் துணியால் தொடாமல் இருப்பது. அதற்குக் காசும் வேண்டாம், சாமானும் வேண்டாம். நாளைக் காலையில் வாளியோடு வருகிறவரைக் கூப்பிட்டு, "இனிமேல் தினம் துடைக்க வேண்டாம், அண்ணே, வாரத்துக்கு ஒரு நாள் நிதானமாகக் கழுவுங்கள். சம்பளம் அதேதான்; இதோ இன்னொரு வாளி" என்று சொன்னால் போதும். வண்டியின் கவசத்தைக் காப்பாற்ற அந்த இரண்டாவது வாளியைக் காட்டிலும் சிறந்த மெழுகு இல்லை.